டெட்ராய்ட் ஆட்டோரமா: மேலே மெருகு, கீழே துரு

வியாழன், டியர்பார்ன்

கொலம்பஸிலிருந்து யூ.எஸ். 23 நெடுஞ்சாலை பிடித்து வடக்கே வந்தால் மூன்றரை மணி நேரத்தில் டெட்ராய்ட் வட்டாரம் வந்துவிடும். டொலிடோவைத் தாண்டி மிச்சிகனுக்குள் நுழைந்ததும் சாலையில் குழிகள் கூடும் என்று ஓஹையோக்காரர்கள் கேலி பேசுவார்கள். கேலியில் மிகை அதிகமில்லை. பிப்ரவரிக் கடைசி என்பதால் சாலை முழுக்க வெளுத்துக் கிடந்தது. பனி அல்ல, உப்பு.

டெட்ராய்ட்டுக்கு அடியில், ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் சாலைகளில் கொட்டும் உப்பை அங்கிருந்து வெட்டி எடுக்கிறார்கள். மேலே கார் செய்கிற ஊர், கீழே அந்தக் காரைத் தின்கிற சரக்கையும் தோண்டுகிறது. இங்கே பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து அடித்தகட்டைத்தான் பார்க்கிறார்கள். அது முழுதாக இருந்தால் அநேகமாக உப்புக் கொட்டாத அரிசோனா பக்கம் வளர்ந்த வண்டி.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹாட் ராட் என்றால் பழைய காரை, பெரும்பாலும் 1949க்கு முந்திய ஃபோர்டை எடுத்து, வேண்டாததைக் கழற்றி எறிந்து, சக்தியுள்ள இன்ஜின் வைத்து ஓட்டுவது. இந்த வாரக் கடைசியில் அப்படிப்பட்ட வண்டிகளின் கண்காட்சி, டெட்ராய்ட் ஆட்டோரமா. ஒரே கட்டடத்தில் மேல் அரங்கத்தில் பத்து லட்சம் டாலர் விழுங்கிய வண்டிகள், கீழ்த்தளத்தில் காயலான் கடையிலிருந்து எழுந்து வந்த வண்டிகள். கல்லூரியில் என்னோடு மெக்கானிக்கல் படித்த நண்பன் டெட்ராய்ட் பக்கத்தில் கேன்டனில் இருக்கிறான். ஒரு உதிரிபாக நிறுவனத்தில் பிரேக் பிரிவில் வேலை. "ரெண்டு மாடியையும் பார்த்துட்டு அப்புறம் வாயைத் திற, மச்சி" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கு இந்த விஷயத்தில் முன்பே ஒரு கட்சி உண்டு, அதனால்தான் அப்படிச் சொன்னான். சிக்கனமாகச் செய்து ஓட்டுகிறவன் கட்சி.

இன்று கண்காட்சி இல்லை. மதியம் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் போனேன். நீராவி ரயில் இன்ஜின், கென்னடி போன கார், ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்கு இடம் விட மறுத்து உட்கார்ந்திருந்த பேருந்து எல்லாம் ஒரே கூரையின் கீழ். நான் தேடிப் போனது 1896இல் ஃபோர்டு தன் கையால் செய்த குவாட்ரிசைக்கிளை. நான்கு சைக்கிள் சக்கரம், ஒரு பெஞ்சு, பின்னால் இரண்டு சிலிண்டர் இன்ஜின். சிலிண்டர்களை ஒரு பழைய நீராவி இன்ஜினின் புகைக்குழாயை வெட்டிக் கடைந்து எடுத்தார். பின்னோக்கிப் போக கியர் கிடையாது. பேக்லி அவென்யூ வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் செய்தது. ஜூன் 4 விடியற்காலை வெளியே எடுக்கப் பார்த்தால் கொட்டகைக் கதவு சிறியது. கோடரியால் செங்கல் சுவரை இடித்து வழி பண்ணினார்.

கொஞ்சம் தள்ளி 999 நிற்கிறது. 1902இல் ஃபோர்டு கட்டிய பந்தய வண்டி. பாடி என்ற பேச்சே இல்லை. இரண்டு உத்திரம், அதன் மேல் 1,155 கன அங்குல நான்கு சிலிண்டர் இன்ஜின், அதன் பின்னால் ஒரு ஆசனம். லிட்டரில் கிட்டத்தட்ட 19. திருப்புவதற்குச் சக்கரம்கூட இல்லை, ஒரு கம்பிதான். பார்னி ஓல்ட்ஃபீல்டு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வருஷம் அக்டோபரில் கிராஸ் பாயின்ட் பந்தயத்தில் கார் உற்பத்தியாளர் வின்டனைத் தோற்கடித்தார். இன்றைக்கு இதைக் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு பொருந்திப்போகும்.

வெள்ளி, டெட்ராய்ட்

கண்காட்சி நண்பகலுக்குத்தான் திறக்கும். காலையில் கலை அருங்காட்சியகத்துக்குப் போய் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்த சுவர்களைப் பார்த்தோம். நண்பன் இவ்வளவு வருஷம் இங்கே இருந்தும் இதற்குள் வந்ததில்லையாம்.

நான்கு சுவர், 27 பகுதிகள். ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் பணத்தில் 1932 ஜூலையில் தொடங்கி 1933 மார்ச்சில் முடித்தார். வடக்குச் சுவரில் இன்ஜின் வார்ப்பது, தெற்குச் சுவரில் பாடி அடித்துப் பூட்டுவது. அவர் வரைந்து வைத்திருப்பது எந்த இன்ஜின் என்று தெரிந்தால் ஹாட் ராட் பைத்தியங்களுக்கு மயிர்க்கூச்செறியும். 1932 ஃபோர்டு வி8, V வடிவில் எட்டு சிலிண்டர். அதற்கு முன்னும் வி8 இன்ஜின்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் பாகம் பாகமாக வார்த்துப் பூட்டுவார்கள், விலை ஏறிவிடும். ஃபோர்டின் ரூஜ் ஆலையில் மொத்தத்தையும் ஒரே வார்ப்பாக எடுத்தார்கள். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், திறந்த ரோட்ஸ்டர் கார் விலை 500 டாலருக்குள். சாமானியன் கைக்கு எட்டிய முதல் வி8. புகை போகும் வழி பிளாக்கின் உடம்பு வழியாகவே போவதால் சூடேறும் என்பது அதன் கூடப் பிறந்த வியாதி. 1932 மார்ச்சில், அந்த இன்ஜின் வெளிவருவதற்குச் சில வாரம் முன்பு, அதே ரூஜ் ஆலை வாசலில் வேலை கேட்டு ஊர்வலம் வந்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். சுவரில் அது இல்லை.

இவ்வளவு பெரிய சுவரில் முடிந்துபோன கார் எங்கே என்று தேடினேன். தெற்குச் சுவரின் நடுவில், வரிசையின் கடைக்கோடியில், சின்னதாக ஒரு சிவப்புக் கார். விரல்நுனி காட்டினால்தான் தெரியும். மற்றதெல்லாம் ஆட்கள், கைகள், அச்சுகள், உலை.

மதியம் கண்காட்சி நடக்கிற ஹன்டிங்டன் பிளேஸ். பழைய ஆட்களுக்கு இன்னும் கோபோ ஹால்தான். ஆற்றங்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை கனடா, அதுவும் தெற்கே. மேல் அரங்கத்தில் நுழைந்ததும் முதலில் தரையைத்தான் பார்த்தேன். கம்பளம், அதன் மேல் கண்ணாடிப் பாளம், அதற்கு மேல் கார். அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டுமே, அதற்காகக் கண்ணாடி. ஆக்ஸில், சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்கின் வயிறு, எல்லாம் பானெட் அளவுக்குப் பெயின்ட் அடித்து மெருகேற்றியிருக்கிறது. ஒரு போல்ட் தலை கண்ணில் படவில்லை. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு. ரூஜ் ஆலையில் அந்தக் காலத்தில் இப்படி ஒரு கார் வெளியே வந்திருக்காது.

இங்கே பெரிய பரிசு ரிட்லர் விருது. ஆட்டோரமாவை வளர்த்த டான் ரிட்லர் பெயரில் 1964 முதல் கொடுக்கிறார்கள். இதற்கு முன் வேறெங்கும் காட்டாத வண்டியாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே எட்டு வண்டிகளைப் பொறுக்கிவிடுவார்கள், ஞாயிறு மாலை அதில் ஒன்று. பரிசுத்தொகை 10,000 டாலர். இந்த எட்டுக்குள் வர ஆகிற செலவுக்கு அந்தப் பத்தாயிரம் டயருக்கும் சக்கரத்துக்கும்கூடக் காணாது.

எதில் அதிகம் செலவு என்று கேட்டு வைப்பதென்று முடிவு செய்திருந்தேன். மேல் அரங்கத்தில் ஒரு முப்பதுகளின் கூபேக்குப் பக்கத்தில் நின்றவர் பட்டறை முதலாளி. வண்டி அவருடையதல்ல, வாடிக்கையாளருடையது. "ஆள் கூலி. சாமான் விலை ஒன்றுமே இல்லை" என்றார். பெயின்ட் விலை எல்லாருக்கும் ஒன்றுதான், அதற்கு முன் தேய்க்கிற மணிநேரம்தான் காசு என்று விளக்கினார். தகட்டை அடித்து நேராக்கு, பிரைமர் அடி, மரக்கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய், மறுபடி பிரைமர், மறுபடி தேய். கடைசியில் தெளிவுப் பூச்சு (கிளியர் கோட்) அடித்து அதையும் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகு. இதில் முழு வண்டியையும் ஒருமுறை பூட்டிப் பார்த்து, இடைவெளிகளைச் சரிபார்த்து, திரும்பவும் கழற்றித்தான் வண்ணமே அடிக்கிறார்கள். ஓட்டுவீர்களா என்று கேட்டேன். "டிரெய்லரிலிருந்து இங்கே வரை ஓட்டினேன்" என்று சிரித்தார். நல்ல மனுஷன். கைகளில் வெல்டிங் தழும்பு.

இந்த மேல்மாடி வைபவம் தொடங்கிய கதையைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு வரும். 1953இல் மிச்சிகன் ஹாட் ராட் சங்கத்துக்காரர்கள் டெட்ராய்ட் பல்கலைக்கழக அரங்கம் ஒன்றில் இதை நடத்தியது, டிராக் ரேஸ் என்கிற நேர்கோட்டு வேகப் பந்தயத்துக்குப் பாதை கட்டப் பணம் சேர்க்கத்தான். தெருவில் பந்தயம் விட்டுப் போலீஸிடம் மாட்டாமல் ஓட்ட ஓர் இடம் வேண்டும், அதற்குக் கார்களை நிறுத்திக் காட்டிச் சீட்டு விற்றார்கள். முதல் ரிட்லர் விருதை வாங்கியதும் ஆல் பெர்க்லரின் பந்தய வண்டி, கால் மைல் பாதையில் ஓடுகிற ரகம். கலிஃபோர்னியாவிலும் இதே கதைதான். 1950இல் ஓக்லண்டில் அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் என்று முதல் பரிசு பெற்றது பில் நீகேம்ப் தானே கட்டிய 1929 ஃபோர்டு. அழகுப் பட்டத்தோடு அதை மூடி வைக்கவில்லை. 1952இல் எல் மிராஜ் உலர் ஏரியின் புழுதியில் மணிக்கு 142 மைல் ஓட்டினார்.

மெருகும் ஓட்டமும் தொடக்கத்தில் ஒரே வண்டியில்தான் இருந்திருக்கின்றன. பிரிந்தது பிற்பாடு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டி அலுமினியத்தைக் கடைந்து செய்த பளபளப்புச் சாமான்கள், வழுவழுப்பான ஒற்றை வண்ணம் என்று ஒரு அலை வந்தது. எல்லாவற்றையும் செக்கில் கையெழுத்துப் போட்டு வாங்கலாம் என்று ஆனதும் மறுபக்கம் சிலர் எரிச்சலாகி, துருவும் பிரைமருமாக வண்டி கட்டத் தொடங்கினார்கள். ரேட் ராட் (rat rod) என்கிறார்களே, அது அந்த எரிச்சலில் வளர்ந்தது. அவர்கள்தான் கீழ்த்தளத்தில்.

சனி, கீழ்த்தளம்

நகரும் படியில் இறங்கும்போதே சத்தம். ராக்கபில்லி இசைக்குழு ஒன்று நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியத்தை அறைந்துகொண்டிருந்தது. கம்பளம் இல்லை, கண்ணாடி இல்லை, கயிறு இல்லை. வெறும் சிமென்ட் தரையில் வண்டிகள், அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு ஆட்கள். மேலே "தொடாதீர்கள்" அட்டை, இங்கே "உட்கார்ந்து பார்க்கிறாயா?" ஒரு மூலையில் மெல்லிய நீள மயிர்த் தூரிகையால் ஒருவர் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கை நடுங்கவே இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விட்டது.

இங்கே நிற்கிற வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் பஞ்சத்துக்கோ வேகத்துக்கோ பிறந்தவை. முப்பதுகளில் தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் பழைய ஃபோர்டு மாடல் டியையும் மாடல் ஏவையும் அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். மாடல் டி மட்டும் ஒன்றரைக் கோடி செய்திருந்தார்கள், கிடைக்காமல் போகுமா? மட்கார்டைக் கழற்றியது எடை குறைய. கூரையை வெட்டி இறக்கியது காற்று கிழிய. மியூராக், எல் மிராஜ் என்று காய்ந்த ஏரிகளில் நேராக ஓட்டி நேரம் பார்த்தார்கள். அதை ஒழுங்குபடுத்த 1937இல் ஒரு சங்கமே உண்டானது, இன்றும் எல் மிராஜில் ஓட்டம் நடத்துகிறது. பிரைமர் நிறத்தில் வண்டி ஓடியது, பெயின்டுக்குக் காசு சேரும்வரை அப்படித்தான் ஓடும் என்பதால்.

முதலில் ஒரு இளைஞனிடம் பேசினேன். ஓஹையோக்காரன், இந்த உப்பில் ஓட்டிக்கொண்டே வந்திருக்கிறான், பக்கவாட்டில் வெள்ளைக் கறை காயாமல் இருந்தது. 1930 மாடல் ஏ செடான், கூரை நாலு அங்குலம் வெட்டியது. சேசிஸ் மட்டும் பழையதல்ல, சதுரக் குழாயில் புதிதாகக் கட்டியது. மாடல் ஏயின் சொந்தச் சட்டம் மெல்லிய திறந்த வாய்க்கால் வடிவம். 40 குதிரைத்திறனுக்குச் செய்தது. வி8 வைத்து மிதித்தால் முறுக்கிக்கொள்ளும், பக்கத்தை மூடிப் பெட்டியாக்க வேண்டும், இல்லை புதிதாகக் கட்ட வேண்டும். இன்ஜின் செவர்லேயின் 350 கன அங்குல வி8. இந்தக் குடும்ப வி8கள் 1955இலிருந்து வருகின்றன. 2011இல் பத்துக் கோடியாவது இன்ஜினை உருட்டிவிட்டார்கள். அதனால் இந்த நாட்டில் சல்லிசான குதிரைத்திறன் என்றால் இதுதான். எதில் அதிகம் செலவு என்று கேட்டேன். "டயர், ஸ்டியரிங் பாக்ஸ், முன் ஆக்ஸில். மற்றது எல்லாம் என் சனி ஞாயிறு" என்றான். நண்பன் தரையில் படுத்தே விட்டான். பிரேக் குழாய் எங்கே போகிறது, எதில் உரசுகிறது என்று பார்த்துவிட்டு எழுந்து, "ஒழுங்கா பண்ணியிருக்கான்டா" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

எல்லாம் அப்படி இல்லை. நாலு வண்டி தள்ளி ஒன்று. கதவுக் கைப்பிடிக்குப் பதில் ஸ்பேனர் பற்றவைத்திருக்கிறார்கள், கியர் கம்பியில் பீர்க் குழாய்ப் பிடி, ஆசனத்தில் மெக்சிகோப் போர்வை. கூட்டம் அங்கேதான் படம் பிடித்தது. நண்பன் முன் சஸ்பென்ஷனைக் காட்டினான். தாங்கு கம்பியின் வெல்டிங் உள்ளே இறங்கவே இல்லை, மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங் கம்பி ஒரு கோணத்தில், ஆக்ஸிலைத் தாங்கும் கம்பி வேறு கோணத்தில். பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். "இது வண்டி இல்லடா, கேஸு" என்றான். சிக்கனம் என்ற பெயரில் இதை நான் தாங்கிப் பேச மாட்டேன். காசு இல்லாதவன் பெயின்டை விடலாம், சீட் உறையை விடலாம், கண்ணுக்குத் தெரியாத வெல்டிங்கை விடக்கூடாது.

பிறகு அந்தத் துருப்பிடித்த பிக்கப். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. துரு அவ்வளவு அழகு, கதவில் யாரோ பண்ணைக்காரர் பெயர் பாதி அழிந்தமாதிரி. கிட்டப் போய் விரலால் தடவினேன், வழுவழு. மேலே மங்கலான தெளிவுப் பூச்சு. உரிமையாளர் மறைக்கவில்லை. பாடி புதிது. உப்புத் தண்ணீரும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, வேண்டிய நிறம் வந்ததும் நிறுத்தி, பூச்சு அடித்திருக்கிறார். பெயர் எழுதியது ஒரு கலைஞர், பிறகு தேய்த்து அழித்ததும் அவரே. காற்றுப் பை சஸ்பென்ஷன், தொலைவில் இருந்து இயக்கலாம். எதில் அதிகம் செலவு? "துருவில்தான்" என்று கண்ணடித்தார்.

மேல்மாடிக்காரர் காசைக் கொட்டிக் காசு தெரிய வைக்கிறார், இவர் காசைக் கொட்டிக் காசு தெரியாமல் வைக்கிறார். இரண்டில் மேலே இருப்பவரிடம்தான் எனக்கு மரியாதை கொஞ்சம் கூடியது. இப்படி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஞாயிறு, லிங்கன் பார்க்

இன்று கண்காட்சிக்குப் போகவில்லை. நண்பனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் லிங்கன் பார்க்கில் இருக்கிறார். கார்த் தகடு அடிக்கிற அச்சுகளைச் செய்யும் டை மேக்கராக வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காபியும் வாழைப்பழ கேக்கும் வைத்துவிட்டு, "உள்ளே போனால் மதியம்தான் வருவீர்கள், இப்போதே சாப்பிடுங்கள்" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

கராஜில் நிற்பது 1950 செவர்லே 3100 பிக்கப். அல்லது அதன் தோல். உள்ளே இருக்கும் சேசிஸ் எஸ்-10 என்ற சிறிய செவர்லே பிக்கப்புடையது, 1982 முதல் 2004 வரை லட்சக்கணக்கில் விற்றது. பழைய வண்டியின் அச்சு இடைவெளி 116 அங்குலம், நீண்ட பெட்டி வைத்த எஸ்-10இல் ஏறக்குறைய 118. இரண்டு அங்குலத்தைச் சமாளித்துவிட்டால் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், நல்ல ஸ்டியரிங் மொத்தமும் ஒரே அடிபட்ட வண்டியில் கிடைத்துவிடும். பின்பக்கம் மோதி நசுங்கிய எஸ்-10 ஒன்றை ஆயிரம் டாலருக்குள் பிடித்திருக்கிறார். இன்ஜினும் கியர் பெட்டியும் அதனுடையதே. தேவையில்லாத கதவு, இருக்கை, விளக்கு எல்லாவற்றையும் விற்றுப் பாதிக் காசைத் திரும்ப எடுத்துவிட்டாராம்.

சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. வாங்கியது, விற்றது, தேதியோடு. புரட்டச் சொன்னார். பிரேக் குழாய் புதிது, மாஸ்டர் சிலிண்டர் புதிது, டயர் புதிது, பால் ஜாயின்ட் புதிது. மற்றதெல்லாம் பழசு, பரிமாற்றம், சும்மா கிடைத்தது. நண்பன் அந்தப் பக்கங்களைப் பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி விரல் வைத்துப் படித்தான். பேச்சு பழைய ஃபோர்டு பக்கம் போனது. 1938 வரை ஃபோர்டுகளில் பிரேக் கம்பியால் இழுப்பதுதான், ஹைட்ராலிக் 1939இல்தான் வந்தது. போருக்குப் பின் 32 ஃபோர்டு வைத்திருந்த பையன்கள் முதலில் தேடி ஓடியது 1939இலிருந்து 48 வரையிலான வண்டிகளின் பிரேக்கைத்தான் என்றார் பெரியவர். வேகத்துக்குச் செலவழிப்பதற்கு முன்னே நிற்பதற்குச் செலவழித்தவர்கள்தான் கிழவனானார்கள் என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

கேபின் மூலைகள் இந்த வண்டிகளில் கட்டாயம் துருப்பிடித்துப் போகும். அவர் வெட்டி எறிந்துவிட்டு, தகட்டைச் சுத்தியலும் தாங்குகட்டையும் வைத்துத் தானே வளைத்து ஒட்டியிருக்கிறார். பட்டி எங்கே என்று தேடினேன், ஒரு தாள் கனத்துக்கு மேல் இல்லை. கண்ணாடி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். இந்த வருஷ வண்டியில் முன் கண்ணாடி இரண்டு துண்டு, இரண்டும் தட்டை. உடைந்தால் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் பாதுகாப்புக் கண்ணாடியை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். வளைந்த கண்ணாடி வண்டியாக இருந்தால் பை கிழியும். சிக்கனக்காரர்கள் பழைய வண்டியைத் தேடுவதற்கு இப்படியும் ஒரு காரணம்.

வண்டி முழுக்கச் சாம்பல் நிற எபாக்சி பிரைமர். சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், அதை மட்டும் அடித்துத் திரிந்தால் அடியில் துரு ஓடும். எபாக்சி விடாது. பெயின்ட் எப்போது என்று கேட்டேன். "இரண்டு கோடை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே விரிசல் வருகிறது, எங்கே உரசுகிறது என்று வண்டி சொல்லும். அப்புறம் அடிப்பேன். நன்றாக அடிப்பேன்" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் அழுத்தம் இருந்தது.

மாலையில் ரிட்லர் முடிவு நண்பன் கைபேசியில் வந்தது. நான் உதட்டைப் பிதுக்கினேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். கதவு, பானெட், மட்கார்டு வளைவு என்று ஒவ்வொன்றாக. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு பானெட் ஓரத்தைச் சுட்டி, இந்த வரி கதவுவரை உடையாமல் வருகிறது பார், யாரோ இதற்கு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான் என்றார். அவர் அச்சு செய்த காலத்தில் கடைசி வேலை கல்லால் தேய்ப்பதாம். அச்சின் முகத்தில் நகக்கீறல் விழுந்தாலும் அது அடிக்கிற ஒவ்வொரு தகட்டிலும் பதியும். அதனால் ஆட்கள் வரிசையாக நின்று கையால் மெருகேற்றுவார்கள். என் கட்சிக்கு ஆள் சேர்க்க வந்த இடத்தில் அவர் எதிர்க்கட்சி மேடைக்குப் போய் மாலை போட்டுவிட்டார்.

"இவ்வளவு காசுக்கு ஓட்டாமல் நிறுத்துகிறார்களே?" என்று விடாமல் கேட்டேன். "அது அவன் காசு. அந்த வேலை அவனால்தான் நடந்தது. அந்தப் பட்டறைப் பையன்கள் கற்றுக்கொண்டார்களே" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "நான் என்றால் ஓட்டியிருப்பேன். ஏப்ரல் மழை உப்பைக் கழுவின பிறகு" என்றார்.

திங்கள், பழைய இரும்பு முற்றம்

ஊர் திரும்புவதற்கு முன், நண்பன் அரைநாள் லீவு போட்டு, பெரியவரோடு காயலான் கடைக்குப் போனோம். புதுப்பேட்டையை வெட்டவெளியில் விரித்து, கடைக்காரர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டால் இந்த இடம். வாசலில் ஓரிரு டாலர் கட்டணம், சொந்தக் கருவிப்பெட்டி, உள்ளே போய் நீயே கழற்றிக்கொள். விலைப்பட்டியல் பலகையில் இருக்கிறது. பின் ஆக்ஸில் என்றால் எந்த வண்டியாக இருந்தாலும் ஒரே விலை. பேரம் இல்லை, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

தேடி வந்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். எஸ்-10இன் சொந்தப் பின் ஆக்ஸில் இந்தப் பழைய பாடிக்குக் குறுகல், சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்கும். 1995இலிருந்து 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரின் ஆக்ஸில், உள்ளே 8.8 அங்குலப் பல்சக்கரம் கொண்டது, சுமார் ஐம்பத்தொன்பதரை அங்குல அகலம், கனமான தண்டு, எல்லாவற்றுக்கும் மேல் டிஸ்க் பிரேக். இந்தச் சிக்கனத்தில் ஒரு வம்பும் உண்டு. செவர்லே சக்கரத்தின் ஐந்து போல்ட்டும் 4.75 அங்குல வட்டத்தில், ஃபோர்டுக்கு 4.5. முன்னும் பின்னும் ஒரே ஸ்டெப்னி பொருந்தாது. காசுள்ளவன் புதிதாக ஆக்ஸில் செய்யச் சொல்வான், சிலர் நடுவில் தட்டு வைத்துப் பூட்டுவார்கள். பெரியவர் தண்டின் முகத்தில் தன் மில்லிங் மெஷினிலேயே புதுத் துளை போட்டுக்கொள்ளப் போகிறார்.

சேற்றில் மூன்றாவது வரிசையில் ஒன்று கிடைத்தது. யு-போல்ட் எல்லாம் துரு இறுகிக் கிடந்தது, வேறென்ன, உப்பு. நண்பன் அலுவலகத்தில் கணினித் திரையில் மட்டுமே பிரேக்கைத் தொடுகிறவன். ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு மல்லாந்து படுத்து, நீளக் கம்பி கொடுத்து நெம்பினான். ஆக்ஸில் விழுந்ததும் பெரியவர் கிளம்பத் தயாரானார். இவன் விடவில்லை. இந்த டிஸ்க்குக்குள்ளே சின்ன டிரம் ஒன்று இருக்கிறது, ஹேண்ட் பிரேக் அதில்தான் பிடிக்கும், கேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். கேபிளுக்குத் தனி விலை, அதுவும் இரண்டு பக்கத்துக்கும் வெவ்வேறு. அளவுக்கு வெட்டிச் செய்துகொள்கிறேன் என்று பெரியவர் சொன்னார். "ஹேண்ட் பிரேக்கில் கைவேலை வேண்டாம்" என்று நண்பன் பிடிவாதமாக நின்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் பிளையரை எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே குனிந்து இரண்டாவது கேபிளையும் அவரே கழற்றினார். வாசலில் பணம் கட்டும்போது பெரியவர் அந்த ரசீதை மட்டும் நண்பனின் சட்டைப் பையில் செருகிவிட்டு, நோட்டில் எழுதிவிடும்படி சொன்னார்.